ஆற்றில் விடுமுன் ஒரு படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவை, அதாவது வரிசை வீட்டு அறையை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்குக் குடிபோவது நல்ல காரியம்தான். ஆனால் போகிற அவசரத்தில், அடுப்புக்கு மேலே பரணில் கிடக்கும் பழைய பனையோலை ஏட்டுக் கட்டுகளையும் குப்பையோடு சேர்த்துக் கழித்துவிடுகிறார்கள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்களின் மூட்டையில் வந்தவை, அவர்களின் பிள்ளைகள் இங்கே எழுதியவை என்று மாட்டுவாகடம் என்னும் மாட்டு வைத்தியம், சோதிடம், கூத்துப் பாட்டு எல்லாம் அவற்றில் இருக்கின்றன.

கேட்டால், "ஒன்றும் எழுதியில்லை சேர், வெறும் ஓலை" என்கிறார்கள். எழுத்தாணியால் கீறிய எழுத்து அவ்வளவு லேசில் போகாது. கீறலில் தடவிய கரிதான் போயிருக்கும். கைத்தொலைபேசி டோர்ச்சை நேரே அடிக்காமல் ஓலையின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள், கீறலில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். வெறும் ஓலை என்று என்னிடம் தந்த ஒரு கட்டில், மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுப்பது என்று இருபுறமும் நெருக்கி எழுதியிருந்தது. இடப்பக்க ஓரத்தில் தமிழ் இலக்கத்தில் ஏட்டெண்கூட இருந்தது. இன்னொரு வீட்டில் பக்தியோடு ஏட்டை லேமினேட் பண்ணி வைத்திருந்தார்கள். சூட்டில் ஓலை சுருண்டு வெடித்துவிட்டது. குப்பையில் போட்டவரையாவது கோபிக்கலாம், இவரை என்ன சொல்வது?

நம் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஓலை சில நூறு வருடம் தாங்கினாலே பெரிது. சோழர் காலத்துப் பாட்டு நம் கைக்கு வந்ததென்றால், அன்றைய ஓலை தாங்கியதால் அல்ல, படி மேல் படி எடுத்ததால்தான். இற்றுப்போகும் ஏட்டைப் புது ஓலையில் எழுதிக்கொண்டு, அப்புறம்தான் பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவது முறை. இப்போது படி எடுப்பது நின்றுவிட்டது, ஆற்றில் விடுவது மட்டும் நிற்கவில்லை.

சிலர் வீட்டில் ஏடு இருப்பதையே மறைக்கிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஆராய்ச்சிக்கென்று ஒருவர் வாங்கிப்போன கட்டு இன்றுவரை திரும்பவில்லை. இந்தப் பயத்தைப் போக்காமல் யார் கெமராவோடு வந்தாலும் கதவு திறக்காது. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்திலேயே, அசல் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, படங்களின் பிரதி உள்ளூரிலும் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. நம்மூரில் அதையும் தாண்டி, அசல் வீட்டை விட்டே போகக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். படமெடுப்பவர் வாசலுக்கு வரட்டும். வீட்டுக்காரர் முன்னாலேயே கட்டை அவிழ்த்து, ஏட்டெண் வரிசையில் இருபக்கமும் எடுத்து, அளவுகோலையும் பக்கத்தில் வைத்து, திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். படத்தின் பிரதி ஒன்று அந்த வீட்டுக்கே சேர வேண்டும்.

யாழ்ப்பாணத்து ஏடுகளை இப்படிப் படமெடுத்து, தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் 'நூலக நிறுவனம்' என்ற அமைப்பு இணையத்தில் வைத்திருக்கிறது. நம் மலையகத்தில், ஹட்டனிலும் பண்டாரவளையிலும் அதற்கு ஆள் இல்லையா? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகளில் பலர் நம் தோட்டங்களுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள்தானே. ஆடி பிறப்பதற்குள், "எங்கள் வீட்டில் ஏடு இருக்கிறது" என்று வாசகர்கள் எழுதி அனுப்ப உங்கள் ஞாயிறு இதழில் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்கினால் போதும். பெயரையும் விலாசத்தையும் அச்சிடாதீர்கள், தோட்டத்தின் பெயர் மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பொகவந்தலாவை.