போர் அடிக்குதும்மா என்றாயே

கண்ணம்மா,

நேற்று ராத்திரி போனில் "எதுவுமே பிடிக்கல, சும்மா போர் அடிக்குதும்மா" என்றாய், நானும் "ஏதாவது படம் பாரேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் வெகு நேரம் தூக்கம் வரவில்லை. பார்க்கவா உன்னிடம் எதுவும் இல்லை?

போன தடவை வந்திருந்தபோது ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் உன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீடியோ ஆரம்பிக்கும், அதில் பேசுகிறவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் விரல் தள்ளிவிடும், அடுத்தது வரும், அதுவும் பாதியில் போகும். உன் முகத்தில் சிரிப்பும் இல்லை, எரிச்சலும் இல்லை. கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டாய். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கை மறுபடி அதைத் தேடிப் போனது.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2024-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு தடவை 10 நிமிட வீடியோ ஒன்று மட்டும். இன்னொரு தடவை 5 நிமிட வீடியோக்கள் ஏழு, பிடிக்காவிட்டால் தாவிக்கொள்ளலாம். தாவினால் அலுப்பு குறையும் என்றுதான் நினைப்போம், ஆனால் கூடிப்போனது. மனசு ஒன்றில் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் நாம் கிளம்பிவிட்டால் அது எதில்தான் ஒட்டும்?

சும்மா இருப்பது லேசான விஷயமும் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில் ஆட்களை 15 நிமிடம் வெறும் அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தி லேசான மின் அதிர்ச்சி வாங்கிக்கொள்ளலாம். அதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்போம் என்று முன்னால் சொன்னவர்கள்தான், ஆனாலும் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அழுத்தியிருக்கிறார்கள். அதனால் உன்னைச் சோம்பேறி என்று நான் சொல்லவே மாட்டேன். சோம்பேறிக்கு எதுவும் செய்ய வேண்டாம், அலுத்துப்போனவளுக்கு எதிலாவது முழுசாக இறங்க வேண்டும், இறங்க முடியவில்லை. அந்தத் தவிப்பு வேறு.

இதில் என் பங்கும் இருக்கிறது. சின்ன வயசில் லீவு நாளில் நீ "என்ன பண்றதும்மா?" என்று வந்து நிற்பாய். உடனே ஒரு புத்தகமோ வகுப்போ டிவியோ, எதையாவது உன் கையில் திணித்துவிடுவேன். நீ முகம் வாடி நிற்பதை என்னால் பார்க்க முடியாது, அதுதான் காரணம். ஒரே ஒரு நாள் எனக்கு உடம்பு முடியாமல் படுத்திருந்தேன். நீ ஒரு மணி நேரம் சிணுங்கினாய், அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து பொம்மைக்கு மாடிப்படி செய்துகொண்டிருக்கிறாய், கூப்பிட்டது காதில் விழவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை நான் எத்தனை தடவை உன்னிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன் என்று நேற்றுதான் நினைத்தேன்.

இனி போர் அடித்தால் எனக்கு போன் பண்ணு. படம் பார், அதைச் செய், இதைச் செய் என்று எதுவும் சொல்ல மாட்டேன். பேச ஒன்றும் தோன்றவில்லை என்றாலும் சரி, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமலே லைனில் இருக்கலாம்.

அம்மா