ஆழத்தை மட்டுமல்ல, மாற்றத்தையும் கேளுங்கள்

கொழும்புக்கு அப்பாலான கடலில் கேபிள் பதிக்கவும் மணல் அகழவும் தூர்வாரிய மண்ணைக் கொட்டவும் அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடலடிப் படிவுகளை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே. ஒரு திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது கடல் எவ்வளவு ஆழம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த அடித்தளம் எவ்வளவு மாறுகிறது என்பதற்கும் சான்று கேளுங்கள்.

சேறும் மணலும் கலந்த நீர் சுற்றியுள்ள கடல்நீரைவிடக் கனமானது. சரிவு கிடைத்தால் அடியோடு ஒட்டி ஓடும். ஓட்டத்தின் கொந்தளிப்பு மணலைத் தாங்குகிறது. மணலின் கனம் ஓட்டத்தை இழுக்கிறது. போகிற வழியில் அடியை அரித்து மேலும் மண் சேர்ந்தால் வேகம் கூடும். சரிவு தணிந்தால் முதலில் பருமணல், பிறகு நுண்மணல், கடைசியாகச் சேறு என்று படியும். இதுதான் கலங்கல் நீரோட்டம். கடலடிப் பள்ளத்தாக்கை வெட்டுவது அது. வாய்க்காலின் இருபுறமும் கரை எழுப்புவதும் அதுவே. ஓட்டத்தின் உயரம் வாய்க்காலின் ஆழத்தை மிஞ்சும்போது அதன் மேற்பகுதியிலுள்ள சேறு வெளியே வழிந்து அங்கேயே தங்கிவிடுகிறது.

வங்காள விரிகுடாவில் இமயமலை மண் இப்படியே சுமார் 3,000 கிலோமீற்றர் நீண்டு, இலங்கையின் கிழக்கைக் கடந்து நடுக்கோட்டுக்கும் தெற்கே போய்ப் படிந்திருக்கிறது. 2009 மே மாதம் ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவிடம் இலங்கை கொடுத்த கண்டமேடைக் கோரிக்கை (கடலடி உரிமை எல்லையை நீட்டக் கேட்பது) நிற்பதும் அந்தப் படிவின் தடிப்பை வைத்துத்தான். ஆகவே இது அரசாங்கத்துக்குப் புதிய விஷயமல்ல. எல்லைக் கணக்குக்குப் பயன்பட்ட அறிவு, அனுமதிப்பத்திர நிபந்தனைகளுக்கும் பயன்படட்டும்.

கேபிள்களுக்கு வருவோம். 1929 நவம்பர் 18 அன்று நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலம் அதிர்ந்தது. அத்திலாந்திக் தந்திக் கேபிள்கள் 12 அறுந்தன. நடுக்க மையத்துக்கு அருகில் கிடந்தவை உடனே போயின. சரிவில் கீழே கிடந்தவை 13 மணி நேரத்துக்கு மேலாக ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அந்த நேரக் குறிப்புகளைக் கொண்டே 1952இல் ஹீசன், யூயிங் என்ற ஆய்வாளர்கள் ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். 2006 டிசம்பரில் தாய்வானுக்குத் தெற்கே நிலநடுக்கத்தை அடுத்து 9 கேபிள்கள் அறுந்தன. திருத்த 11 கப்பல்களும் 49 நாட்களும் தேவைப்பட்டன.

“நமது பக்கம் பெரிய நிலநடுக்கம் வருவதில்லையே” என்பது வழக்கமாகக் கேட்கும் பதில். கொங்கோ ஆற்றின் கதையை அதற்கு எதிரே வைக்கிறோம். 2019 டிசம்பர் இறுதியில் அங்கே பெருவெள்ளம். கடலடியில் எதுவும் உடனே நடக்கவில்லை. 2020 ஜனவரி நடுப்பகுதியில், நிலநடுக்கம் ஏதுமின்றி, ஓர் ஓட்டம் கிளம்பி 1,100 கிலோமீற்றருக்கு மேல் ஓடி இரண்டு கேபிள்களை அறுத்தது. திருத்திய கேபிள் மார்ச்சில் மறுபடியும் அறுந்தது. வெள்ளம் கொண்டுவந்த மண் பள்ளத்தாக்கின் தலைப்பில் (கரைப்பக்கத்து மேல்முனையில்) தளர்வாகக் குவிந்து காத்திருந்தது. பெருவற்று, அதாவது கடல்மட்டம் மிகவும் தாழும் வற்று, வந்தபோது சரிந்தது.

கொழும்பருகே கடலில் கலக்கும் களனி கங்கையைப் பற்றியும் இதே கேள்வி வரும். ஆற்றுநீர் கடல்நீருக்குள் மூழ்க ஒரு கனமீற்றரில் 40 கிலோகிராம் அளவுக்கு மண் வேண்டும், களனி அவ்வளவு கலங்காது என்பார்கள். பழைய கணக்கு. கனடாவின் ஸ்குவாமிஷ் கழிமுகத்தில் 2011இல் நாள்தோறும் அளந்தபோது ஒரே பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஓட்டங்கள் பதிவாயின. ஆற்றுநீரோ அந்த எல்லைக்கு மிகவும் கீழேதான் கலங்கியிருந்தது. மேலே மிதக்கும் கலங்கலிலிருந்து மண் உதிர்ந்து சேர்வதே போதும்.

மனிதக் கையும் உண்டு. 1979 ஒக்டோபர் 16 அன்று பிரான்ஸின் நீஸ் விமான நிலையத்தை ஒட்டிக் கடலை நிரப்பிய புதுத் துறைமுகத் தளம் சரிந்து, கலங்கல் நீரோட்டமாக மாறி, சில மணி நேரத்தில் தொலைவிலிருந்த இரண்டு கேபிள்களை அறுத்தது. கடலை நிரப்பி எழுப்பிய கொழும்புத் துறைமுக நகரத்தை இதோடு ஒப்பிட வேண்டாம். நீஸில் கரையை விட்டதுமே செங்குத்துச் சரிவு. நமக்கோ அகலம் குறைவென்றாலும் ஒரு கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலடி, நடுவில் இருக்கிறது. கவலை அந்த மேடையின் விளிம்பைப் பற்றியது. பாணந்துறைக்கு அப்பாலுள்ளதைப் போன்ற பள்ளத்தாக்குகளின் தலைப்புக்கு அருகில் தூர்மண் கொட்ட எவருக்கும் இடம் குறித்துக் கொடுக்காதீர்கள்.

இனி, அளவீட்டில் எதைக் கேட்க வேண்டும் என்பது. கப்பலிலிருந்து ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் பல்கற்றை எதிரொலிமானி ஆழத்தில் ஏறக்குறைய 0.5 சதவீதம் பிழை விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மீற்றரில் அது 1 மீற்றர். 1,500 மீற்றரில் 7.5 மீற்றர். பள்ளத்தாக்கின் அடியிலுள்ள பிறைவடிவ மண் அலைகள் பெரும்பாலும் 3 மீற்றருக்கு மேல் உயர்வதில்லை. ஆகவே ஆழத்தில் கப்பலிலிருந்து அளந்துவிட்டு “மாற்றம் இல்லை” என்று எழுதும் அறிக்கைக்கு மதிப்பில்லை. தலைப்புப் பகுதியைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளக்கச் சொல்லுங்கள். 2016 மேயில் வந்ததைப் போன்ற வெள்ளம் வந்தால், தண்ணீர் வடிந்ததும் ஒரு தடவை, அடுத்த பெருவற்றுகள் கழிந்ததும் இன்னொரு தடவை.

ஒலிவழி நீரோட்டமானியை அடியில் சட்டத்தில் வைக்கக் கூடாது. கலிபோர்னியாவின் மொன்ட்ரே பள்ளத்தாக்கில் 800 கிலோகிராம் சட்டமே இழுத்துச் செல்லப்பட்டது. நங்கூரக் கயிற்றில் பல பத்து மீற்றர் உயரத்தில் கட்டி, கீழ்நோக்கிப் பார்க்க விடுங்கள். பதிவு நிமிடத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். மணிக்கணக்குச் சராசரி எடுத்தால் ஓட்டத்தின் முகப்பு அதில் காணாமல் போய்விடும்.

படிவு மாதிரியைப் பள்ளத்தாக்கின் நடுவில் எடுத்தால் கிடைப்பது மறுபடி மறுபடி அரிக்கப்பட்ட மணல். பக்கத்துத் திட்டுகளில் எடுக்க வேண்டும். காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிரியக்க ஈயம்-210 மூலம் காலக்கணிப்புச் செய்யும்போது ஓட்டம் ஒரே மூச்சில் போட்ட மணல் அடுக்கைக் கழித்துவிட்டுத்தான் படிவு வேகம் சொல்ல வேண்டும். இதைச் செய்யாத கணக்கில் ஒரே நாளில் விழுந்த அடுக்கு பல ஆண்டுப் படிவாக எண்ணப்பட்டுவிடும்.

கேபிள் வழித்தடத்தில் எங்கள் பரிந்துரை சுருக்கமானது. முடிந்தால் தலைப்புக்கு மேலே, மேடையிலேயே சுற்றிப் போகட்டும். கடக்கத்தான் வேண்டுமென்றால் மண் அரிக்கப்படும் இடத்தில் அல்லாமல், மண் படியும் இடத்தில் கடக்க வேண்டும். படிக்கட்டுப்போல் உடைந்து மேல்நோக்கி நகரும் விளிம்புகளுக்கு அருகில் வேண்டவே வேண்டாம். அடியையே அரித்துப் போகும் ஓட்டத்துக்கு ஒரு மீற்றர் புதைப்பு பொருட்டல்ல. ஒரு கேபிளுக்கு மாற்றாக இடும் இன்னொன்று அதே பள்ளத்தாக்கைக் கடந்தால் இரண்டும் ஒரே இரவில் போகும். விண்ணப்பங்கள் தனித்தனி நிறுவனங்களிடமிருந்து வருவதால் இதைச் சேர்த்துப் பார்க்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே.

கடைசியாக ஒரு நிபந்தனை: அளவீட்டின் மூலத்தரவை, ஆழம் எந்தக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டது என்ற குறிப்போடு, உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். வண்ணப்படங்கள் போட்ட அறிக்கை போதாது. பழைய தரையைப் புதிய தரையிலிருந்து கழித்துப் பார்க்கப் படம் உதவாது. அந்தத் தரவை நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவும் பல்கலைக்கழகங்களும் கேட்டதும் பெற வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
கடற்படிவியலிலும் கேபிள் வழித்தட அளவையிலும் பணிபுரியும் சிலர்
கொழும்பு