பவுடர் டப்பாவும் திறக்காத டிபன் பாக்ஸும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

போன வாரம் காலை ஓட்டப் பயிற்சியின்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டாவது சுற்றிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உடற்கல்வி ஆசிரியர் அவனை நிழலுக்கு அழைத்து வந்து தண்ணீர் கொடுத்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார். "ஒன்னும் சாப்பிடல சார், பவுடர் மட்டும் கலக்கிக் குடிச்சேன்" என்றானாம். பையில் பாதி காலியான ஒரு புரதப் பவுடர் டப்பா. மேலே, கையை மடக்கிப் புஜத்தைக் காட்டும் ஒருவர் படம்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போவதாக வகுப்பாசிரியை வந்து சொன்னார். இவனுக்கு உடம்பு ஏற வேண்டும், அவளுக்கு இறங்க வேண்டும். இரண்டு பேரும் செய்வதற்கு ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்கள்: டயட். (யார் யார் என்று தேட வேண்டாம். இரண்டு வீட்டாரிடமும் பேசி, அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

சரிவிகித உணவு என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். பலர் அதை எல்லாவற்றிலும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பது சமம் இல்லை, விகிதம். விகிதம் யாருக்காக, எதற்காக என்பதைப் பொறுத்து மாறும். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள எளிய வழி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி 2011இல் வெளியிட்ட தட்டுப் படம். தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு முழுதானியம். மிச்சக் கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம். நம்மில் பெரும்பாலோர் தட்டில் இது தலைகீழாக இருக்கும், என் தட்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது அந்த மாணவன் கதைக்கு வருகிறேன். தசை வளரப் புரதம் வேண்டும், அதில் அவன் சொல்வது சரி. எவ்வளவு என்பதில்தான் தவறுகிறான். அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி 14 முதல் 18 வயதுவரை உடல் எடையில் கிலோவுக்கு 0.85 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும். 50 கிலோ எடையுள்ள பையனுக்கு ஏறக்குறைய 43 கிராம். அரை லிட்டர் பாலில் 16 கிராம், ஒரு முட்டையில் 6, ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 13 கிராம்போலக் கிடைத்துவிடும். மீதியை அன்றாடம் சாப்பிடும் தானியமே கொடுத்துவிடும். கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அதையும் இன்னொரு முட்டை, இன்னொரு கிண்ணம் பருப்பு என்று சமையலறையிலேயே முடித்துக்கொள்ளலாம்.

அவன் மயங்கி உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. ஓடுவதற்கு உடம்பு முதலில் தேடுவது மாவுச்சத்தை. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, காலையிலும் அது உள்ளே போகவில்லை என்றால் உடம்பு சும்மா இருக்காது, கையில் கிடைக்கும் புரதத்தையே எரித்துச் சக்தியாக்கப் பார்க்கும். ஒரு கிராம் மாவுச்சத்தும் 4 கலோரிதான், ஒரு கிராம் புரதமும் 4 கலோரிதான். தசை கட்ட என்று காசு கொடுத்து வாங்கிய பவுடரை இப்படி எரிப்பது, கதவு செய்ய வாங்கிய தேக்கை அடுப்பில் வைத்த மாதிரி. தவிர, மருந்துகளுக்கு உள்ளதுபோல விற்பனைக்கு முன்னான சோதனை இந்தப் பவுடர்களுக்குப் பல நாடுகளில் கிடையாது. டப்பா மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று நீங்களோ நானோ கண்டுபிடிக்க முடியாது. எனர்ஜி டிரிங்க் விஷயத்தில் இன்னும் தெளிவாகச் சொல்லலாம். பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அது வேண்டவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2011இலேயே சொல்லிவிட்டது.

அந்த மாணவி விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. பவுடர் டப்பாவைப் பையில் கண்டுபிடித்துவிடலாம், சாப்பிடாமல் விட்டது கண்ணுக்குத் தெரியாது. உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கை, அதுவும் வயது வந்தவர்களுக்கானதை, போனில் போட்டுப் பார்த்துத் தன்னைக் குண்டு என்று முடிவு செய்திருக்கிறாள். 5 முதல் 19 வயதுவரை அந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் 2007இல் தனி வளர்ச்சி அட்டவணையே போட்டிருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், கண்ணாடியோ தோழிகளோ இல்லை.

வளரும் வயதில் பிள்ளை எந்த இலக்கை வைத்துக்கொண்டாலும், உடம்பு ஏற்கெனவே ஒரு இலக்கை வைத்திருக்கிறது. வளர்வதுதான் அது. எலும்பின் உறுதியில் பெரும்பங்கு 20 வயதுக்குள் சேர்ந்துவிடும், அதற்காகவே 9 முதல் 18 வயதுக்கு நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் என்கிறது அதே அமெரிக்கப் பரிந்துரை. இரும்புச்சத்து 14 முதல் 18 வயதுவரை பையனுக்கு 11 மில்லிகிராம் என்றால் பெண்ணுக்கு 15. அவளோ மதியச் சாப்பாட்டை மூடியபடியே திருப்பிக் கொண்டுபோகிறாள். இப்படித் தொடர்ந்தால் மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். அடிக்கடி சளி பிடிக்கலாம், எலும்பில் மெல்லிய விரிசல் விழலாம், பாடம் மண்டையில் ஏறாமல் போகலாம். செலவழிக்கும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடாத விளையாட்டு வீரர்களிடம் இவற்றைக் கண்டுதான் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்தக் குறைபாட்டுக்குத் தனிப் பெயரே வைத்தது. ஆண்களுக்கும் வரும்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் விடுமுறை முடிந்து வந்த ஒரு மாணவியைப் பிரேயரில் எல்லார் முன்பும், "எவ்வளவு அழகாக இளைத்துவிட்டாய்!" என்று பாராட்டினேன். விடுமுறை முழுக்க அவள் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையின் எடையைப் பற்றியும், நல்லதோ கெட்டதோ, நான் வாய் திறப்பதில்லை. வீட்டிலும் உறவினர்கள் எதிரிலும் நீங்களும் இதைக் கடைப்பிடித்தால் நன்றாக இருக்கும்.

அதற்காகப் பிள்ளைகளின் ஆசையைக் கேலி செய்யச் சொல்லவில்லை. சிக்ஸ் பேக் வேண்டும் என்கிற பையனுக்கு ஓடவும் தண்டால் எடுக்கவும் மனசு இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம். நாளுக்கு 60 நிமிடம் உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பாதியைக்கூட எட்டாத பிள்ளைகள் நம் பள்ளியில் நிறைய. ஆசைப்படுகிறவனை உட்கார வைத்து, "சரி, அதற்கு என்ன சாப்பிடலாம்?" என்று கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். நேரமில்லை என்றால் ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலுமாவது உள்ளே போகட்டும். கீரை, பருப்பு சாப்பிடும் நேரத்தில் எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சு என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள், இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ கொடுத்தால் அது குறையும். ஒரு உணவு வகையையே முழுசாக ஒதுக்கச் சொல்லும் எந்த டயட்டையும், மருத்துவர் சொல்லாமல், பிள்ளை தொடங்கினால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். திரும்பி வரும் டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். திட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக.

பள்ளிக்குள் இனி எந்தப் பவுடருக்கும் எனர்ஜி டிரிங்குக்கும் அனுமதி இல்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்தது என்றால் சீட்டை அலுவலகத்தில் காட்டிவிடுங்கள். இந்த வாரம் வாங்கி வைத்த மூன்று டப்பாக்கள் என் அறை பீரோவில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலைவரை பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்