பாதை தண்ணீரை விட்டுக் கொஞ்சம் விலகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏரிக்கரைப் பூங்காக்களில் நடைபாதை அமைப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏரியைச் சுற்றித் தண்ணீர் ஓரமாகவே ஒரே வட்டமாகப் பாதை போடுவதுதான் நல்லது என்று எழுதியிருந்தார்கள். நடப்பவர்களுக்குச் சரி. தண்ணீரில் பிழைக்கும் பறவைகளுக்கு அது சரிப்படாது.

மரங்கள் அடர்ந்த ஏரிக்கரைப் பூங்கா ஒன்றுக்கு நானும் என் மனைவியும் வெகுநாளாகப் போய்வருகிறோம். அவர் நடக்கப் போகிறவர். நான் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கப் போகிறவன். அவர் ஒரு சுற்று முடித்து வரும்போதும் நான் அதே மரத்தடியில்தான் இருப்பேன். அதனால் இரு தரப்பு வழக்கும் எனக்குத் தெரியும்.

முக்குளிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு கட்டுகிற சின்னப் பறவை. ஆள் அரவம் கேட்டால் முட்டைகள்மேல் அவசரமாகச் செடிகளை இழுத்துப் போட்டு மூடிவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிடும். ஆள் போனதும் திரும்பி வரும். எப்போதாவது என்றால் பரவாயில்லை. காலை முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் அது எப்போது அடைகாப்பது? மூட நேரம் கிடைக்காத முட்டை காக்கையின் கண்ணில் பட்டால் கதை முடிந்தது. நீர்க்காகத்தின் பாடு வேறு. வெளி இறகுகள் நனைவதால்தான் அது சுலபமாக மூழ்கி மீன் பிடிக்கிறது. ஆனால் வெளியே வந்ததும் சிறகை விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும். பாம்புத்தாராவும் அப்படித்தான். அவை வழக்கமாக உட்காரும் கட்டைக்குப் பக்கத்திலேயே நாம் பெஞ்சைப் போட்டால், காயாத சிறகோடு வேறு இடம் தேடிப் போக வேண்டியதுதான்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். நடப்பவர்களைவிட என்னைப் போலப் பறவை பார்க்க வருகிறவர்களால்தான் பறவைக்குத் தொல்லை அதிகம். பேசிக்கொண்டே பக்கவாட்டில் கடந்து போகிறவரைப் பல பறவைகள் அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. நின்று, முறைத்துப் பார்த்து, தன்னை நோக்கி அடி அடியாக நெருங்குகிறவரைக் கண்டால் பறந்துவிடும். கேமராவோடு குனிந்து குனிந்து வருகிறவர் அதன் கண்ணுக்குப் பூனைதான். இதைவிட மோசம், செல்போனில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது. கூடு கட்டும் பருவத்தில், தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து, இருக்கிற வேலையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். சண்டை போட எதிரியே இருக்காது.

ஆகவே பாதை மரங்களுக்குள் விலகிப் போகட்டும். இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தண்ணீரைத் தொட்டால் போதும். அங்கே தட்டியோ பலகையோ அடைத்து, பார்ப்பதற்கு நீளத் திறப்பு விட்ட மறைவிடங்கள் அமைக்கலாம். குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் எட்டும் உயரத்தில் ஒரு திறப்பு அவசியம். ஒரு மறைவிடமாவது கிழக்குக் கரையில் இருக்கட்டும். காலை வெயில் முதுகில் விழும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான். இது ஒன்றும் புது யோசனை இல்லை. இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் பறவை ஆய்வாளர் பீட்டர் ஸ்காட் 1946இல் தொடங்கிய நீர்ப்பறவை மையத்திலும், 1993இல் திறக்கப்பட்ட சிங்கப்பூரின் சுங்கை புலோ சதுப்புநிலப் பூங்காவிலும் மக்கள் இப்படி மறைவிடங்களில் இருந்துதான் பறவை பார்க்கிறார்கள்.

என் மனைவிக்கு இதில் ஓர் ஆட்சேபம் உண்டு. மரங்களுக்குள் பாதை என்றால் தனியாக நடக்கப் பெண்களுக்குப் பயமாக இருக்கும் என்கிறார். மறுக்க முடியாத பேச்சு. பாதை அகலமாக இருக்க வேண்டும், வளைவுகளில் புதர் மறைக்கக் கூடாது. விளக்கு போடுவதானால் தரையைப் பார்த்து எரியட்டும், தண்ணீர்ப் பக்கம் வெளிச்சம் போக வேண்டாம்.

அப்புறம் பட்டமரம். சுத்தம் செய்கிறோம் என்று முதலில் அதைத்தான் வெட்டுகிறார்கள். மரங்கொத்தி குடைந்த பொந்தில்தான் பின்னாளில் மைனா, கிளி, சிறு ஆந்தை எல்லாம் குடியேறுகின்றன. பாதைமேல் விழக்கூடிய மரமென்றால் கிளைகளைக் கழித்துவிட்டு அடிமரத்தை விடலாம். உள்ளே தள்ளி நிற்பதைத் தொடவே வேண்டாம். கரையோர நாணலும் சம்பும்கூட அப்படியே இருக்கட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கூட்டில் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் படங்களை வாசகர்கள் அனுப்பினால் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். அப்படி ஒரு படத்துக்காகக் கூட்டை மறைத்திருந்த கிளைகளை ஒடித்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கிளை போனால் வெயிலும் காக்கையும் நேராகக் குஞ்சுக்கு வந்துவிடும். நீந்துகிற, பறக்கிற, மீன் பிடிக்கிற படங்களைத் தாராளமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்