எழுத்தை எழுத்தாகவே போடுங்கள்

சொந்தமாக இணையதளம் வைத்து எழுதும் தமிழ் எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியன். பார்வையற்றவன். உங்களில் பலரைப் 15 ஆண்டுகளாக வாசித்து வருகிறேன், காதால்தான். அது எப்படி என்று விளக்க வேண்டியதில்லை. திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் பற்றி உங்களில் இரண்டு மூன்று பேராவது நெகிழ்ந்து கட்டுரை எழுதியிருக்கிறீர்கள்.

போன மாதம் உங்களில் ஒருவர், நான் மிகவும் மதிப்பவர், புதிய சிறுகதை ஒன்றைத் தன் தளத்தில் போட்டார். நண்பர்கள் ஆளாளுக்குப் போன் செய்து "வாசிச்சாச்சா?" என்றார்கள். திறந்தேன். தலைப்பை வாசித்தது. அப்புறம் "கிராஃபிக், ஐஎம்ஜி 20250311 டபிள்யூஏ 0007" என்றது. அடுத்தது 0008. இப்படி 11 படங்கள். கடைசியில் "பகிர்க". கதை முடிந்தது.

அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது, அந்த மரியாதைக்குக் குறைவில்லை. எழுத்தாகப் போட்டால் திருடிவிடுகிறார்கள், அதனால்தான் படம் என்று சொல்லிவிட்டு, "வீட்டில் யாராவது வாசித்துக் காட்ட மாட்டார்களா?" என்று கேட்டிருந்தார்.

வாசித்துக் காட்டினார்கள், ஐயா. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள், ஞாயிற்றுக்கிழமை மதியம் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நன்றாக வாசிப்பாள். நான்காவது படம் வரைக்கும் சரளமாகப் போனது. ஐந்தாவதில் அந்தக் கணவனும் மனைவியும் சண்டை போட்டு ஓய்ந்து விளக்கை அணைக்கிறார்கள். அங்கே அவள் குரல் இறங்கியது. "சித்தப்பா, இந்த இடம் சரியாத் தெரியலை, தாண்டிடறேன்" என்றாள். படம் தெளிவாகத்தான் இருந்திருக்கும். அவளுக்கு ஒரு சங்கடம். பிள்ளையை இப்படி மாட்டிவிட்டோமே என்று எனக்கு ஒரு சங்கடம். மிச்சக் கதை சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதான் இரண்டு பேரும் இருந்தோம். அந்தப் பத்தியில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. 46 வயதில் ஒரு கதையைத் தனியாக இருந்து வாசிக்க ஆசைப்படுவது அவ்வளவு பெரிய பேராசையா?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: எழுத்தை எழுத்தாகவே போடுங்கள்.

திருட்டு என்கிறீர்கள். திருடுகிறவன் போனில் கூகுள் லென்ஸ் இருக்கிறது, படத்திலிருந்து எழுத்தை உருவ அவனுக்கு ஒரு நிமிடம் ஆகாது. அதையே நீயும் செய்யலாமே என்று தோன்றும். செய்து பார்த்தேன். பின்னணியில் பூ, மழை, அதன்மேல் வளைந்து நெளியும் எழுத்துரு. 'வானம்' 'வரனம்' ஆகிவிட்டது, 'கால்' 'கரல்' ஆகிவிட்டது. திருடனுக்குக் கண் இருக்கிறது, மூலத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வான். நீங்கள் போட்ட பூட்டில் மாட்டியது நான்தான்.

எழுத்தாகவே போடுகிற நல்லவர்களுக்கும் ஒரு வார்த்தை. தளத்தின் மொழி அமைப்பை ஒருமுறை பாருங்கள். வேர்ட்பிரஸ் என்றால் பொது அமைப்புகளிலேயே இருக்கும். அது ஆங்கிலமாக இருந்தால், பக்கம் தன்னை ஆங்கிலம் என்று அறிவித்துக்கொள்கிறது. உடனே என் கணினியில் ஆங்கிலக் குரல் வந்து உட்கார்ந்துகொண்டு தமிழை அப்படியே விழுங்கிவிடும். பாரதியைப் பற்றிய ஒரு நீண்ட கட்டுரை எனக்கு "1882, 1904, 1908, 1921" என்று மட்டும் கேட்டது. மனிதர் பிறந்து, சுதேசமித்திரனில் சேர்ந்து, புதுச்சேரி போய், இறந்தும்விட்டார், நாலே எண்ணில்.

யூனிகோடு வருமுன் புழங்கிய பாமினி எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வைத்து அடித்த பழைய பதிவுகள் இன்னும் கொடுமை. அதில் 'தமிழ்' என்பதை எழுத்தெழுத்தாகக் கேட்டால் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்". யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் உண்டு, ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினால் போதும். புகைப்படம் ஏற்றும்போது பக்கத்திலேயே 'மாற்று உரை' என்று ஒரு பெட்டி காலியாகக் கிடக்கும்; படத்துக்குப் பதிலாக எனக்கு வாசிக்கப்படுவது அதில் இருப்பதுதான். 'திண்ணையில் பேப்பர் படிக்கும் அப்பா' என்று நாலு சொல் அதில் எழுதக்கூடாதா? நீங்கள்தான் எழுத்தாளர்கள்.

இதில் எதுவும் புதிதில்லை. இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் முதல் பதிப்பு 1999இல் வந்தது. நான் பயன்படுத்தும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கினார், இன்றுவரை இலவசம். எங்கள் பக்கத்து வேலையை நாங்களே முடித்துக்கொண்டோம். 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் ஒரு அலுவலகத் தளத்தில் மூலையில் 'ஏ பிளஸ், ஏ மைனஸ்' பொத்தான், உள்ளே போனால் எங்கள் சலுகை பற்றிய ஆணையே ஸ்கேன் செய்த படம். எழுத்தைப் பெரிதாக்கினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து வைக்கும் உங்கள் வடிவமைப்பாளர்களும் அவருக்கு உறவாக இருக்கலாம். பின்னணிக்கும் எழுத்துக்கும் 4.5க்கு 1 என்ற அளவிலாவது வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது விதி. கண்புரை வந்த உங்கள் வாசகர்கள் இதைச் சொல்வதில்லை, பேசாமல் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சரி, அலுவலகத்தோடு போட வேண்டிய சண்டையை உங்களிடம் கொண்டுவந்துவிட்டேன். மன்னிக்கவும். உங்களிடம் நான் வந்தது வாசகனாகத்தான். எழுத்தை எழுத்தாகவே போடுங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கதையைப் படமாகப் போட்ட ஐயாவுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். முழுக் கதையையும் தட்டச்சு செய்ய நேரமில்லை என்றால், முதலில் அந்த ஐந்தாவது படத்தை மட்டும் எழுத்தாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்