சுரங்கம் பூட்ட முன்னம் வா

அன்புள்ள பிள்ளைக்கு,

வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக்கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதுதான் கடிதம் எழுதுகிறேன். வீட்டு விலாசத்துக்குப் போடவில்லை, உன் பார்மசிக்கே போடுகிறேன். ஏன் என்று கேட்காதே.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான். தக்காளி இந்த வருசம் சரியில்லை. உன் அவரும் சுகம்தானே என்று எழுத வெளிக்கிட்டு வெட்டிவிட்டேன், மேலே மை ஊறிக் கிடப்பது அதுதான், பொருட்படுத்தாதே. வேறு புதினம் என்றால் என்னுடைய சைக்கிள்தான். சிரிக்காமல் வாசி.

போன ஞாயிறு ஜிவ்ரியில் இருந்து கிளுனி வரைக்கும் ஓடினேன். 44 கிலோமீட்டர். அப்பா சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து ஜிவ்ரியில் இறக்கிவிட்டு, பின்னேரம் கிளுனியில் வந்து என்னையும் சைக்கிளையும் ஏற்றினார். வழி முழுக்க எனக்குப் பின்னால் ஒரு கார் வரவில்லை, ஒரு ஹோர்ன் கேட்கவில்லை. முந்தி ரயில் ஓடிய தடம் அது. தண்டவாளத்தைக் கழற்றி, தார் போட்டு, 1997இல் சைக்கிளுக்கும் நடக்கிற சனத்துக்கும் திறந்து விட்டார்கள். பிரான்சில் இப்படிப் போட்ட முதல் வுவா வெர்த், பச்சை வழி, இதுதானாம். 1997! நாங்கள் வந்து இறங்கிய வருசம். பரிசுக்குப் பக்கத்தில் லா குர்னேவில் ஓர் அறைக்குள் சித்தப்பாவோடு நாலு பேர் படுத்தெழும்பிய அந்த வருசமே இங்கே எனக்கு ஒரு ரோட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிய இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் இந்தப் பாதையும் ஏறுவது தெரியாமல்தான் ஏறும். ஆஸ்த்மாக்காரியான நீயும் ஓடலாம். மூச்சுக்கு இழுக்கிற பம்பை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள். ஜிவ்ரியிலும் புக்ஸியிலும் பாதைக்குப் பக்கத்தில் வைன் பிழிகிற முந்திரிகைத் தோட்டம். இப்போது அறுவடை நேரம், காற்றே புளித்து மணக்கிறது. அதைத் தாண்டினால் புல்வெளியும் வெள்ளை மாடுகளும். ஷரொலே என்று சொல்லுவார்கள். நம்மூர் மாட்டுக்கு இருக்கிற திமில் இல்லை, ஆனால் உடம்பு ஒரு வான் அளவு. நான் மணியடித்தேன், ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

சன் ஜன்கு-ல-நசியோனால் என்று ஒரு ஊர். முந்தி அதன் பெயரில் ருவாயால், ராசாவுடையது, என்று இருந்ததாம். ராசா போனபிறகு அந்த இடத்தில் நசியோனால், நாட்டுடையது, என்று வைத்துக்கொண்டார்கள். ஊர் அதேதான், சனமும் அதேதான், ஒருவரும் செத்துப் போகவில்லை. அங்கே பழைய ஸ்டேசன் அப்படியே நிற்கிறது. அங்கத்தைய வாங்குப் பலகையில் குந்திக்கொண்டுதான் புட்டுச் சாப்பிட்டேன். பாண் வாங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம்பிப் போகாதே, எல்லாம் பூட்டு. திங்களும் பல இடத்தில் பூட்டு. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போ. நீ சாப்பிடுகிறாயா? போன முறை வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது. பின்னால் சுவரும் வேறு சுவராக இருந்தது, நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாதையைக் குறுக்கே சின்ன ரோட்டுகள் வெட்டிப் போகும். அந்த இடங்களில் மட்டும் கட்டாயம் இறங்கி நின்று இரண்டு பக்கமும் பார். முதல் தரம் நான் பார்க்காமல் போய் மறிப்புக் கட்டையில் மோதி விழுந்தேன். முழங்கை உரிந்தது. அப்பாவுக்குக் கதவில் இடித்தது என்று சொன்னேன். அவருக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் வெள்ளைக் கோடு. இது முக்கியம், கவனமாக வாசி. மிஷலின் ரோட்டு வரைபடத்தை விரித்தால் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று ரோட்டுகள் இருக்கும். சிவப்பில் லொறி. மஞ்சளில் அவசரப்படுகிற கார். வெள்ளையில்தான் நீ ஓட வேண்டும். பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவில், கோயிலடிக்கும் சவக்காலைக்கும் நடுவில் போகிற ஒடுங்கல் ரோட்டுகள். அப்பா போனில் வழி பார்க்கச் சொல்கிறார். போன் கெட்டித்தனமாகக் கிட்டின வழியைக் காட்டுகிறேன் என்று கொண்டுபோய் மஞ்சளில் விட்டுவிடும். கடதாசிப் படம்தான் சரி. தண்ணீர் முடிந்தால் சவக்காலைக் குழாயில் பிடிக்கலாம், குடிக்கக் கூடாது என்று எழுதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் விட்டுத்தான் சைக்கிளை முந்த வேண்டும் என்பது சட்டம். வெள்ளை ரோட்டில் டிராக்டர்காரன்கூட அதை விடுகிறான். ஆனால் பலகை ஒன்றும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்தில் இருந்து வருகிறவனுக்குத்தான் முதலிடம், அது எவ்வளவு சின்ன ஒழுங்கையாக இருந்தாலும். நீதானே சாரதி அனுமதிக்குப் படித்து முதல் தரத்திலேயே எடுத்தவள், உனக்கு நான் சொல்லித்தர வேணுமே. ஆனாலும் சொல்கிறேன். வலப்பக்கம் பார்.

இலையுதிர் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காரர் வருவார்கள். காட்டுப் பக்கம் என்றால் அந்த மஞ்சள் ஜக்கெட்டைப் போட்டுக்கொள். இரவிலும் பனிப்புகாரிலும் ஊருக்கு வெளியே போனால் அது இங்கே சட்டமே. உனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

கொர்மத்தனில் கோட்டையைச் சுற்றி அகழி. உள்ளே போகவில்லை, காசு கேட்பார்கள். தெஸேயில் பாதையை விட்டு மேட்டில் ஏறினேன். உருட்டித்தான். அங்கே கிறிஸ்தவ மடம் ஒன்று இருக்கிறது, கோடை முழுக்க உலகத்தின் எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் வந்து கூடாரத்தில் தங்கிப் பாடுகிறார்கள். நான் போன நேரம் கொஞ்சப் பேர்தான். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போய் இருந்தேன். நல்லூர் முருகனுக்கும் கோபம் வராது. உன் வயதில் ஒரு பெட்டை பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு தனிய இருந்தாள். அவளை யாரும் எங்கே உன் ஆள் என்று கேட்கவில்லை.

அதைத்தான் சொல்ல வந்தேன். இந்தப் பாதையில் தனிய ஓடுகிற பொம்பிளையை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எதிரில் வருகிறவர்கள் பொன்ஜூர் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பரிசில் லா சப்பல் கோயில் தேருக்குப் போனேன். நீ வருவாய் என்று வடம் இழுக்கிற பக்கமே நின்று பார்த்தேன். உன் மாமி வந்திருந்தா. என்னைக் கண்டதும் தேங்காய் உடைக்கிற பக்கம் திரும்பிவிட்டா. உடைந்த தேங்காயைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிசம் நின்றா. நான் போய்க் கதைக்கவில்லை. பாக் சோதனையில் த்ரே பியன், மிக நன்று, எடுத்த பிள்ளை, இன்றைக்கு ஒரு பார்மசியைத் தனிய நின்று நடத்துகிறவள், அவளைப் பெற்றவள் நான், எனக்கு ஏன் தலை குனிகிறது என்று ரயிலில் வரும்போது யோசித்தேன். ஆனால் நீயும் செய்வது சரியில்லை. தாய்க்கு ஒரு வரி போடலாம். சாகவில்லை என்று ஒரு வரி. அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

உனக்கு ஞாபகம் இராது, இரண்டு வயசு. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த ராத்திரி, உன்னை என் லுமாலா சைக்கிளின் கரியரில் வைத்து, சேலையால் சீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். மழை. நாவற்குழிப் பக்கம் சனம் ஓர் அடி வைக்க நின்று நின்று... சைக்கிளில் ஏறி ஓட எங்கே இடம், உருட்டினதுதான். எல்லாப் பிள்ளைகளும் அழுதார்கள், நீ அழவில்லை. எனக்கு அதுதான் பயம். கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கால் கையைப் பின்னுக்கு நீட்டி உன் காலைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருக்கும். பிறகு உருட்டுவேன்.

மாசியில் நீ போன் எடுத்தபோதும் அழவில்லை. "அம்மா, நான் வந்து ஒரு மாதம் நிக்கட்டே?" என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. "தனிய வந்து நின்றால் சனம் என்ன கதைக்கும், லீவு எடுத்து இரண்டு பேருமா வாங்கோ" என்றேன். நீ சரி அம்மா என்றாய். பிறகு மாசிக் கருவாட்டுச் சம்பலுக்கு எவ்வளவு செத்தல் மிளகாய் போடுவது என்று கேட்டாய். நானும் செத்தல் கணக்குச் சொன்னேன். குஞ்சு, எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. செத்தல் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விளங்கிவிட்டது. விளங்கியும் கறிக்குக் கொஞ்சம் உப்புக் குறைத்துப் போடு என்றுதான் சொன்னேன். அன்றைக்கு நான் கையைப் பின்னுக்கு நீட்டிப் பார்க்கவில்லை. ஏழு மாதம். நீ ஏன் எடுப்பதில்லை என்று ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

சரி. அதை விடு. இல்லை, விடாதே, வந்து திட்டு.

கிளுனியில் இருந்து மாக்கோன் பக்கம் இன்னும் போகவில்லை. அங்கே புவா கிளேர் என்று ரயில் போன சுரங்கம், 1.6 கிலோமீட்டர். உள்ளே சைக்கிள் ஓடலாம். வெயில் காலத்திலும் குளிருமாம், ஸ்வெட்டர் வேண்டும். விளக்குப் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் சைக்கிளில் முன்னுக்கும் பின்னுக்கும் லைட் கட்டாயம். குளிர்காலம் வந்தால் அதைப் பூட்டிவிடுவார்கள். வௌவால்கள் உள்ளே நித்திரை கொள்ளுமாம், குழப்பக் கூடாதாம். மேலால் மலையேறிப் போகவும் வழி உண்டு, என் மூச்சுக்கு அது சரிவராது. தனியச் சுரங்கத்துக்குள் போக எனக்குத் துணிவில்லை. அதனால் பூட்ட முன்னம் நீ வா.

பெர்சி ஸ்டேசனில் லியோன் போகிற உள்ளூர் ரயிலில் ஏறினால், மாறாமல் ஷலோனில் இறங்கலாம். தெஜேவே கடுகதி ரயிலில் காசு கொட்டாதே. சைக்கிள் கொண்டுவர வேண்டாம். சந்தையில் 60 யூரோவுக்குப் பழையது ஒன்று வாங்கினேன், பச்சை நிறம், செயின் நல்லது, பிரேக் புதிதாகப் போட்டாயிற்று. சீட்டு உன் உயரத்துக்குச் சரியோ என்று தெரியவில்லை. என் இடுப்புக்கு மேல் நாலு விரல் வைத்து முறுக்கி வைத்திருக்கிறேன். வந்து ஏறிப் பார்த்துச் சொல்லு, சாவி மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

எத்தனை நாள் என்று சொல்ல வேண்டாம். உன் அறையில் இருந்த தையல் மெஷினை வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

வலப்பக்கம் பார்த்து ஓடு.

அம்மா