மாற்றியமைத்த காரில் குழுப் பயணம்: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றியமைத்த ஸ்போர்ட்ஸ் கார்களில் குழுவாக நெடுந்தூரம் சென்றுவருவது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொழுதுபோக்கை வெறும் ஊதாரித்தனம் என்று ஒதுக்கிவிடாமல் கட்டுரையாளர் பரிவோடு எழுதியிருந்தார், அதற்கு நன்றி. ஆனால், நன்றாகப் பராமரிக்கப்பட்ட கார் எதுவானாலும் இத்தகைய பயணத்துக்குத் தகுதியானதுதான் என்று அவர் முடித்திருந்ததையும், வழியில் டயர் சூடானால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடலாம் என்று போகிற போக்கில் சொல்லியிருந்ததையும் ஏற்க முடியவில்லை. அத்தகைய காரொன்றைப் பதினோரு ஆண்டுகளாக வைத்திருப்பவன், அதில் ஏழெட்டுக் குழுப் பயணங்கள் சென்று இரண்டு முறை சாலையோரத்தில் நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையைச் சேர்ந்தது. இரண்டே இருக்கை, மடக்கிவைக்கும் துணிக் கூரை, 1.6 லிட்டர் இன்ஜின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, கண் திறப்பதுபோல் மேலெழும் முகப்பு விளக்குகள். இதை எனக்கு முன்பு வைத்திருந்தவர், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளி அதன் சக்தியைக் கூட்டும் டர்போவைப் பொருத்தியிருந்தார். நான் சஸ்பென்ஷனைத் தாழ்த்தினேன், முன் பிரேக்குகளைப் பெரிதாக்கினேன், சைலன்சரை மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தபோது அது எனக்கு என்ன தருகிறது என்பதை மட்டுமே பார்த்தேன். காரிடமிருந்து அது எதை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பயணங்களில்தான் தெரிந்துகொண்டேன். பராமரிப்பு என்பது கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் அதைக் காப்பது; மாற்றியமைத்த காருக்கோ அந்த நிலையே இல்லாமல் போய்விடுகிறது. ஆயில் மாற்றியாயிற்று, டயர் புதிது என்பதையெல்லாம் வைத்து அது தகுதியான கார் என்று முடிவுகட்ட முடியாததற்குக் காரணம் இதுதான்.

இன்ஜின் சூட்டையே எடுத்துக்கொள்வோம். இந்த இன்ஜினின் மூதாதை, முன்சக்கர ஓட்டக் கார்களில் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்த ஒன்று. அதை நெடுக்காகத் திருப்பி இந்தக் காரில் வைத்தபோது, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், சூடானபின் வெளியேறும் வழியை இன்ஜினின் முன்பக்கமே அமைத்துவிட்டார்கள். பின்கோடியிலுள்ள நான்காவது சிலிண்டருக்குப் போதிய ஓட்டம் கிடைப்பதில்லை. கம்பெனி கொடுத்த சக்தியில் ஓடும்வரை இது ஒரு குறையாகவே தெரியாது. டர்போ பூட்டியதும் தெரியத் தொடங்கும். அதிலும் ஆளில்லாத சாலையில் வேகமாகப் போகும்போது தெரியாது, ஏனென்றால் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். குழுவோடு ஓர் ஏற்றத்தில், லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் அரை மணி நேரம் ஊர்ந்து போகும்போதுதான் சூடுகாட்டும் முள் மேலேறும். பழைய ரேடியேட்டர்களின் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பாக இருக்கும் அது வயதாக ஆகப் பச்சை கலந்த பழுப்பாக மாறும். அந்த நிறம் வந்துவிட்டால் அது என்றைக்கு வெடிக்கும் என்பதுதான் கேள்வி. என் முதல் பயணத்துக்கு முந்தைய நாள் பானெட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக், அந்தப் பழுப்பை விரலால் தட்டிக் காட்டி, “இதோடு போகாதீர்கள்” என்றார். நான் போனேன். முதல் முறை நின்றது அன்றைக்குத்தான். விரிவாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது முறை நின்றதை விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். பத்துக் கார்கள், நான் ஒன்பதாவது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. முன்னால் போனவர்களை விட்டுவிடக் கூடாது என்ற நினைப்பில் மூன்றாவது கியரிலேயே வந்து, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அழுத்தினேன். ஏழாவது வளைவிலோ எட்டாவது வளைவிலோ, மிதி வழக்கத்தைவிட ஓர் அங்குலம் கீழே போனது. அடுத்ததில் பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தது. அதற்கடுத்ததில் மிதி தரையைத் தொட்டுவிட்டது. விடாமல் பம்ப் செய்து, இரண்டாவது கியருக்கும் பிறகு முதல் கியருக்கும் இறக்கி, கடைசியில் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மலைச்சரிவை ஒட்டிய மண் திட்டில் காரை நிறுத்தினேன். முன்சக்கரங்களிலிருந்து கருகிய நாற்றம் வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல், மிதி பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது.

நடந்தது இதுதான். நானும் உடன் வந்தவரும் சேர்ந்து கார் ஏறத்தாழ 1,100 கிலோ. அது 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அறை வெப்பத்திலுள்ள 36 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அந்தச் சூட்டை இன்ஜினும் காற்றும் பங்கிட்டுக்கொள்ளாவிட்டால், முழுவதையும் பிரேக்குகள்தான் விழுங்க வேண்டும். பெரிய டிஸ்க்கும் விலையுயர்ந்த பேடும் வாங்கிப் பொருத்திய நான், பிரேக் ஆயிலை நான்கு ஆண்டுகளாக மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட்-4 வகைக்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சக் கொதிநிலை, ஈரமில்லாதபோது 230 டிகிரி செல்சியஸ், சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகிறது. ஆயிலை அழுக்க முடியாது, ஆவியை அழுக்கலாம். அதனால்தான் மிதி பஞ்சாகிறது. பெரிய பிரேக் எனக்குத் தந்தது துணிச்சலை. அந்தத் துணிச்சல்தான் மூன்றாவது கியரில் இறங்கச் சொன்னது. எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்க வேண்டும் என்று எந்த லாரி ஓட்டுநரும் சொல்லியிருப்பார்.

இதில் எனக்குக் குழுவின் மீதும் மனக்குறை உண்டு. நான் நின்றுபோனது ஒரு மணி நேரம்வரை யாருக்கும் தெரியாது. எனக்குப் பின்னால் வந்த பத்தாவது கார் கொஞ்ச நேரத்துக்கு முன்பே படம் எடுப்பதற்காக ஒதுங்கியிருந்தது. கடைசிக் கார் என்று ஒன்றை யாரும் நியமித்திருக்கவில்லை. குழுவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நல்ல மனிதர்கள்தான்; இன்றும் நண்பர்கள்தான். ஆனால் புறப்படும் முன் அவர்கள் எங்களிடம் கேட்டது எத்தனை குதிரைத்திறன் என்பதை மட்டுமே. பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கே உறைத்திருக்கும்.

கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இன்னும் சில உண்டு. ஸ்டெப்னி உங்கள் காரில் பொருந்துமா? இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் பெரிய பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பொருத்தியபின், டிக்கியில் கிடக்கும் ஒல்லியான ஸ்டெப்னி முன்சக்கரத்தில் ஏறவே ஏறாது என்பதைப் பலர் பஞ்சரான இருட்டில்தான் கண்டுபிடிக்கிறார்கள். அப்படியானால் பின்சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் போட வேண்டும். அதையும் வீட்டில் ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து பூட்டு நட் போட்டவர்கள், அதன் சாவி காரில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அலாய் வீலை அண்மையில் மாற்றியிருந்தால், முதல் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) வைத்து மீண்டும் இறுக்க வேண்டும். சஸ்பென்ஷனைத் தாழ்த்திய கார், இருவரும் பெட்டிகளும் ஏறியபின் இன்னும் தாழும். தனியாக ஓட்டும்போது உரசாத டயர், வேகத்தடையில் மட்கார்டை உரசும். முன்பம்பரை மாற்றியபோது இழுவைக் கொக்கி போடும் இடம் மறைந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். தாழ்ந்த காரைச் சாதாரண இழுவை வண்டியில் ஏற்றினால் முன்பக்கம் உடைந்துபோகும், தட்டையான மேடையுள்ள வண்டிதான் வேண்டும்.

பெட்ரோலைப் பற்றியும் கட்டுரை பேசவில்லை. அதிக ஆக்டேன் பெட்ரோலுக்கென இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை டியூன் செய்தவர்கள், வழியில் சாதாரண பெட்ரோல் மட்டுமே கிடைத்தால் என்ன செய்வார்கள்? ஆக்டேன் குறைந்தால், தீப்பொறியிலிருந்து பரவும் தீ வந்துசேருமுன்பே மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும்; தகரப் பெட்டியில் கூழாங்கற்களைக் குலுக்குவதுபோன்ற சத்தம் கேட்கும்; தொடர்ந்தால் பிஸ்டன் பழுதாகும். இன்றைய கார்களில் நாக் சென்சார் இதை உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்தும். பழைய கார்கள் பலவற்றில் அது கிடையாது. ஆகவே குறைந்த பூஸ்ட்டுக்கான (டர்போ தரும் காற்றழுத்தத்துக்கான) இன்னொரு டியூனையும் ஈசியூவில் ஏற்றிவைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது. என் காரின் டேங்க் 45 லிட்டர்தான். குழுவிலேயே சிறிய டேங்க் எதுவோ அதற்கேற்பத்தான் நிறுத்தங்களை வகுக்க வேண்டும். பெரிய டேங்க் வைத்திருப்பவர்கள் முனகுவார்கள், முனகட்டும்.

குழுவாக ஓட்டுவது தனிக் கலை. இரண்டு வினாடி இடைவெளி என்பது 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 44 மீட்டர். பத்துக் கார்கள் என்றால் அந்த வரிசை 400 மீட்டருக்கு நீளும். முதல் கார் ஒரு லாரியைத் தாண்டிவிட்டு அதே வேகத்தில் போனாலும், கடைசிக் காருக்கு வாய்ப்புக் கிடைப்பதற்குள் இடைவெளி ஒரு கிலோமீட்டராகிவிடும். அதை எட்டிப் பிடிக்க அவர் மற்ற எல்லோரையும்விட வேகமாக ஓட்ட வேண்டியிருக்கும். புதிதாகச் சேர்ந்தவரை வரிசையின் கடைசியில் விடுவது வழக்கமாகிவிட்டதால், அனுபவம் குறைந்தவரே அதிவேகமாக ஓட்டும் விந்தை நடக்கிறது. இதற்கு எளிய வழி ஒன்றை வேறொரு குழுவில் கற்றேன். வரிசையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமே கிடையாது. ஆனால் சாலை பிரியும் ஒவ்வோர் இடத்திலும், பின்னால் வருபவர் தன்னைப் பார்க்கும்வரை முன்னால் போனவர் காத்திருப்பார். கடைசிக் காரை அனுபவசாலி ஒருவர் ஓட்டுவார். யாரையும் தாண்டிப் போக மாட்டார். யாராவது நின்றால் அவரும் நிற்பார், அடுத்த பிரிவில் காத்திருப்பவர் தானாகவே உணர்ந்துகொள்வார். செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விடிகாலை ஐந்து மணிக்குப் பத்துக் கார்கள் குளிர்ந்த இன்ஜினோடு உறுமுவது எங்களுக்கு இசையாக இருக்கலாம். அருகில் உறங்குபவருக்கு அப்படியிருக்காது. அதற்கும் மேலாக, மாற்றிய சைலன்சரின் ஒரே சீரான ரீங்காரத்தை நான்கு மணி நேரம் கேட்டால் ஓட்டுநரின் கவனமே மங்கிவிடுகிறது. நான் பழைய சைலன்சரையே திரும்ப மாட்டிவிட்டேன்.

கடைசியாக, டயர் காற்று. கட்டுரையாளர் சொன்னது ரேஸ் டிராக்கில் செய்யப்படுவது. அங்கே சூட்டில் எட்ட வேண்டிய அளவை இலக்காக வைத்துத்தான் காற்றைக் குறைக்கிறார்கள். சாலைக்கான அளவோ, குளிர்ந்த டயருக்குக் குறிக்கப்பட்டது. டயரின் வெப்பம் ஐந்தாறு டிகிரி கூடினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ கூடும். ஓடும்போது சில பிஎஸ்ஐ ஏறுவதை எதிர்பார்த்தே அந்த அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. சூட்டில் இறக்கிவிட்டால், மறுநாள் காலை குளிர்ந்த டயரில் காற்று குறைவாகவே இருக்கும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும். அதனாலேயே மேலும் சூடேறும். பெட்டிகளும் ஏற்றப்பட்ட காரில் அது வெடிக்கவும் கூடும். இந்த ஒரு வரிக்கு மட்டுமாவது, அதே பகுதியில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்